சுகரால் மரத்துப் போன கால்: பயிற்சியும் பாதுகாப்பும்

"பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு", "ராத்திரி ஆனா பாதம் எரியுது" என்று வீட்டில் யாராவது சொல்கிறார்களா? அவருக்குச் சுகர் இருந்தால், வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். நரம்பு பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம்.

என்ன நடக்கிறது?

ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடியிருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடுகின்றன. பாதத்துக்குப் போகும் நரம்புகள்தான் மிக நீளமானவை. அதனால் பாதிப்பு கால்விரலில் தொடங்கி மேலே ஏறும். எரிச்சல் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், உணர்ச்சியே போயிருக்கலாம். அப்புறம் அறுத்த வயலில் தாள் குத்தினாலும், மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயில் பிரகாரத்தில் வெயிலில் காய்ந்த கல் சுட்டாலும் தெரியாது. கவனிக்காத காயம் புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

பயிற்சி என்ன செய்யும்?

சர்க்கரைக் கட்டுப்பாடும் மருந்தும்தான் அடிப்படை. பயிற்சி அவற்றுக்கு மாற்று அல்ல, துணை. அது கால் தசைக்குப் பலம் தரும், தள்ளாட்டத்தைக் குறைக்கும், சர்க்கரையைக் குறைக்கவும் உதவும். கால் மரத்தவர்கள் அதிகம் நடக்கக் கூடாது என்று முன்பு சொல்வதுண்டு. புண் இல்லாதவர்கள் சரியான செருப்புடன் மிதமாக நடந்தால் புண் வரும் ஆபத்து கூடுவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

முதலில் பாதத்தைப் பாருங்கள்

குனிய முடியவில்லையா? செல்போனில் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் இருந்தால் அந்தப் படத்தை டாக்டரிடம் காட்டலாம்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்

1. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் 10 தடவை அசையுங்கள். விரல்களை மடக்கி நீட்டுங்கள்.
2. சுவரைப் பிடித்து நின்று, குதிகாலைத் தூக்கி மெல்ல இறக்குங்கள். 10 தடவை.
3. நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்காருங்கள். 5 தடவை போதும்.
4. கனமான மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் 10 விநாடி நில்லுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.
5. சமதளத்தில் 10 நிமிடம் நடையில் தொடங்குங்கள். மெல்லக் கூட்டி வாரத்துக்கு 150 நிமிடம் வரை போகலாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

• மரத்த காலுக்கு வெந்நீர், சூடான ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துவிடும்.
• வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்க வேண்டாம். கோயிலுக்குக் கல் சுடாத வேளையில் போங்கள். சேற்றில் இறங்கினால் கரையேறியதும் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, பாதத்தைப் பாருங்கள்.
• புண் இருந்தாலோ, பாதம் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலோ நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.
• இன்சுலின் போடுபவர்கள் பயிற்சியின்போது சர்க்கரையோ மிட்டாயோ கையில் வைத்திருங்கள். படபடப்பு, வியர்வை வந்தால் உடனே சாப்பிடுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்து உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். சில நிமிட வேலை, வலிக்காது. உங்களுக்கு எந்தப் பயிற்சி ஏற்றது, எத்தனை தடவை என்பதை இயன்முறை சிகிச்சையாளர், அதாவது பிசியோதெரபிஸ்ட், முடிவு செய்வார்.

மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மன்னார்குடி அரசு மருத்துவமனையிலோ, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேட்கலாம். வெளியே வர முடியாதவர்களுக்காக, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ஊர் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லுங்கள். ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

கூச்சப்படாமல் இப்படிக் கேளுங்கள்: "எனக்குச் சுகர் இருக்கு, கால் மரத்திருக்கு. பாதத்தைப் பரிசோதிக்கணும், பிசியோதெரபியும் வேணும்."