மெதுவாக வளர்ந்தால்தான் நல்ல படிகமா?

பத்தாம் வகுப்பில் 'கரைசல்கள்' பாடம் நடத்தும்போது, "மெதுவாக வளர்ந்தால்தான் நல்ல படிகம் கிடைக்கும்" என்று பல ஆண்டுகளாகக் கூறிவந்தேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்ட கேள்வி அந்தக் கூற்றைத் திருத்திக்கொள்ள வைத்தது.

அன்று இரண்டு கண்ணாடி நழுவங்களில் தெவிட்டிய உப்புக் கரைசலைத் துளியாக இட்டோம். ஒன்றை நிழலில் உலரவிட்டோம். மற்றொன்றை வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடிமேல் வைத்தோம். நிழலில் உலர்ந்ததில் சில பெரிய படிகங்களும், இடையிடையே வெறும் கண்ணாடியும் தெரிந்தன. சூட்டில் உலர்ந்ததில் பொடிப்படிகங்கள் நெருக்கமாகப் பரவியிருந்தன. "ஐயா, கண்ணாடி முழுக்க மூடணும்னா இரண்டாவதுதானே நல்லது?" என்றாள் அவள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. மறு வகுப்புக்குள் படித்துவிட்டு வருவதாகச் சொன்னேன்.

தேடியபோது, ஹாலைடு பெரோவ்ஸ்கைட் மென்படலம் தயாரிப்போர் எதிர்கொள்வதும் இதே சிக்கல்தான் என்று அறிந்தேன். பெரோவ்ஸ்கைட் என்பது 1839-இல் யூரல் மலைப்பகுதியில் கண்டறியப்பட்ட ஒரு கனிமத்தின் பெயர். அதே படிக அமைப்பில், காரீயமும் அயோடினும் கொண்ட சேர்மங்களைச் செய்யலாம். ஜப்பானில் மியாசாகா குழுவினர் 2009-இல் இவற்றைக் கொண்டு 3.8 விழுக்காடு திறனுள்ள சூரிய மின்கலத்தை உருவாக்கினர். இன்று ஆய்வகக் கலங்களின் திறன் 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. சிலிக்கான் உருக 1414 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்தப் படலமோ கரைசலிலிருந்து சுமார் 100 டிகிரியிலேயே படிகமாகிவிடும்.

படலத்தின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டரில் பாதி அளவுதான். அதில் இடைவெளி இருந்தால் மேலடுக்கும் கீழடுக்கும் தொட்டு மின்சாரம் வீணாகும். படிகங்கள் மிகச் சிறியவையாக இருந்தால் அவற்றின் எல்லைகள் மிகுந்து மின்னோட்டம் தடைப்படும். அப்படியானால் வேகமா, மெதுவா?

விடை, படிகமாதலை இரண்டு கட்டங்களாகப் பிரிப்பதில் இருக்கிறது. முதல் கட்டம் படிகக் கரு தோன்றுவது. அடுத்தது கரு வளர்வது. கண்ணாடித் தகட்டில் மஞ்சள் நிறக் கரைசலை இட்டு வேகமாகச் சுழற்றுகிறார்கள். சுழலும்போதே, பெரோவ்ஸ்கைட்டைக் கரைக்காத டொலுயீன் போன்ற திரவத்தை அதன்மேல் ஊற்றுகிறார்கள். அது கரைப்பானை நொடியில் வெளியேற்ற, கரைசல் எங்கும் அதிதெவிட்டிய நிலையை அடைந்து, எண்ணற்ற கருக்கள் ஒரே நேரத்தில் தோன்றுகின்றன. பிறகு 100 டிகிரியில் சுமார் பத்து நிமிடம் சூடாக்கும்போது படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று இணைகின்றன, படலம் கரும்பழுப்பாகிறது. வயல் முழுதும் ஒரே நாளில் முளைத்து, பிறகு பயிர் சீராக வளர்வதைப் போன்றது இது.

மறு வகுப்பில், "நீ கேட்டது சரி, நான் சொன்னது பாதிதான்" என்று தொடங்கினேன். ஒற்றைப் பெரிய படிகம் வேண்டுமானால் கருக்கள் குறைவாக இருக்க வேண்டும். முழுமையான படலம் வேண்டுமானால் கருக்கள் மிகுதியாகத் தோன்ற வேண்டும். 'நல்ல படிகம்' என்பது அதன் பயனைப் பொறுத்தது.

காரீயச் சேர்மங்கள் நச்சுத்தன்மை உடையவை. இச்சோதனையைப் பள்ளியில் செய்யவே கூடாது. உப்பும் இரண்டு நழுவங்களும் ஒரு கைவில்லையும் நமக்குப் போதும். எத்தனை படிகங்கள், எவ்வளவு பெரியவை, எவ்வளவு இடம் வெறுமையாக உள்ளது என்ற மூன்றையும் மாணவர்களே குறிக்கட்டும். விதியைப் பிறகு சொல்வோம்.