பூட்டிய பெட்டிக்குள் இருந்த வம்சாவளி

கேள்வி: இங்கிலாந்தில் சாதாரண விவசாயக் குடும்பங்கள்கூட நானூறு ஆண்டு வம்சாவளி சொல்கின்றனவே, அதற்கு ஆதாரமான பாரிஷ் பதிவேடு எப்படித் தோன்றியது? அதை வைத்து முன்னோரை எப்படித் தேடுகிறார்கள்?

பதில்: பாரிஷ் என்பது ஒரு கோயிலுக்குக் கட்டுப்பட்ட வட்டாரம். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538 செப்டம்பரில் பிறப்பித்த ஆணைதான் இந்தப் பதிவேடுகளின் தொடக்கம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஞாயிறுதோறும் குருவானவர் எழுதவேண்டும். ஏடு இரட்டைப் பூட்டுப் பெட்டியில் இருக்கும்; ஒரு சாவி அவரிடம், மற்றது கோயில் பொறுப்பாளர்களிடம். தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். அந்தப் பணம் கோயிலைப் பழுதுபார்க்கப் போகும். புது வரிக்காகத்தான் இந்தக் கணக்கு என்று ஜனங்கள் பயந்தார்கள். 1783இல் அது பலித்தது: ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி விழுந்து, 1794 வரை நீடித்தது.

முதலில் எழுதியது பெரும்பாலும் காகிதத்தில். அவற்றைத் தோல் ஏடுகளில் படியெடுக்கும்படி 1598இல் உத்தரவானது. எலிசபெத் அரியணை ஏறிய 1558 முதலாவது கட்டாயம் எழுதுங்கள் என்ற பொருளில் அதில் ஒரு வாசகம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பலர் முதல் இருபது ஆண்டுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். பெரிய இழப்பு அது. ஆண்டுதோறும் ஒரு நகல் பேராயருக்குப் போகவேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் பல ஊர்களைக் காப்பாற்றியது. கோயில் ஏடு தொலைந்தாலும் நகல் மிஞ்சியது.

தேடுகிறவர்கள் இன்றிலிருந்து பின்னோக்கிப் போகிறார்கள். 1837 ஜூலை முதல் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு கிடைக்கிறது. 1851 மக்கள்தொகைக் கணக்கு பிறந்த ஊரைச் சொல்லிவிடும். அந்த ஊர்க் கோயிலின் ஏட்டை எடுத்தால், 1813க்குப் பிந்தைய அச்சுப் படிவத்தில் தகப்பனின் தொழிலும் குடியிருப்பும் இருக்கும். 1754 முதல் திருமணப் பதிவில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் கீறல் போட்டார்கள். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்ததும் அங்கே பதிவாகியிருக்கும். அதற்கு முந்தைய பதிவு ஒரே வரிதான். பல சமயம் லத்தீனில் இருக்கும், தாயின் பெயர்கூட இராது.

அந்த ஒற்றை வரிகளை இணைப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அதற்கு நல்ல உதாரணம் ஷேக்ஸ்பியர் குடும்பம். ஸ்ட்ராட்ஃபோர்டு கோயில் ஏட்டில் 1564 ஏப்ரல் 26 அன்று ‘யோஹான்னஸ் ஷேக்ஸ்பியரின் மகன் குலியெல்முஸ்’ என்று லத்தீனில் ஒரு வரி இருக்கிறது. குலியெல்முஸ் என்பது கவிஞர் வில்லியம், யோஹான்னஸ் என்பது அவர் தந்தை ஜான். அந்தத் தேதி ஞானஸ்நான நாள். பிறந்த நாள் எங்கும் இல்லை. அதே ஜானுக்கு 1558இல் ஜோன் என்றொரு மகள், 1569இல் மறுபடியும் ஜோன் என்றொரு மகள். மூத்தவள் இறந்து, அவள் பெயரை இளையவளுக்கு வைத்தார்கள் என்று கொள்ளவேண்டும். மூத்தவளின் அடக்கப் பதிவு கிடைக்கவில்லை. கவிஞரின் இரட்டைக் குழந்தைகளின் பதிவில் 1584 பிப்ரவரி 2 என்று இருக்கும். நம் கணக்கில் அது 1585. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அந்த ஏட்டில் இருந்தது. 1589 முதல் 1591 வரை ஜான் ஷேக்ஸ்பியர் என்பவருக்கு உர்சுலா, ஹம்ஃப்ரி, பிலிப் என மூன்று பிள்ளைகள். பழைய வரலாற்றாசிரியர்கள் இவர்களையும் கவிஞரின் உடன்பிறப்புகளாக்கிவிட்டார்கள். உண்மையில் அந்த ஜான் அதே ஊரில் செருப்புத் தைத்த வேறொருவர். கவிஞரின் தந்தை 1568இல் நகரத் தலைவரானவர். அதன்பின் அவர் பெயருக்கு முன் மரியாதை அடைமொழி வந்தது. செருப்புத் தொழிலாளிக்கு அது கிடையாது. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே இருவரையும் பிரித்தார்கள். பெயர் பொருந்தினால் போதும் என்று இணைப்பவர் வேறொருவர் குடும்பத்தைத் தம்முடையதாக எழுதிவைப்பார். அடக்கப் பதிவையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான் அவசியம்: குழந்தையிலேயே இறந்த ஒருவரைப் பாட்டனாராக்கிய வம்சாவளிகள் ஏராளம்.

கோயில் ஏட்டில் இல்லாதது வேறு தஸ்தாவேஜில் இருக்கலாம். கவிஞரின் திருமணம் ஸ்ட்ராட்ஃபோர்டு ஏட்டில் கிடையாது. 1582 நவம்பர் 28 தேதியிட்ட பிணைப் பத்திரம் வூஸ்டர் பேராயர் அலுவலகத்தில் கிடைத்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இதே போல் உதவுவது, 1662 சட்டப்படி பாரிஷ் நடத்திய குடியிருப்பு விசாரணைகள். உதவி கேட்டு வந்தவர் எந்த ஊர்க்காரர் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதினார்கள்.

1538க்கு முன்னே போகவேண்டுமானால் நிலம்தான் கைகொடுக்கும். கவிஞரின் தாத்தா ரிச்சர்டு, ஸ்நிட்டர்ஃபீல்டு கிராமத்துக் குத்தகை விவசாயி. பண்ணை நீதிமன்றத்துக்கு வராததற்காக அவருக்கு அபராதம் விதித்த 1529ஆம் ஆண்டுக் குறிப்பு இருக்கிறது. 1561இல் அவர் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு ஜானிடம் வந்ததால் இருவரின் உறவும் உறுதியாயிற்று. ரிச்சர்டின் தகப்பன் யார் என்பதற்கு இன்றுவரை ஆதாரம் இல்லை.