நெற்றிக்குறியும் புதுத் தலைப்பாகையும்

கேள்வி: பட்டாளத்தில் சேர்ந்தவன் தன் மதாசாரங்களை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போகவேண்டுமா?

பதில்: அப்படி விடச் சொல்லிப் பார்த்த கதையை வேலூர்க் கோட்டை சொல்லும். கவாத்துக்கு வரும்போது நெற்றியில் விபூதியோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியும் கூடாது என்று ஆங்கிலக் கம்பெனியின் சென்னைப் படைக்குப் பிரதம சேனாதிபதியான ஜான் கிராடக் காலத்தில் பிறந்த விதிகளும், தோல் பதக்கம் தைத்த அந்தப் புதுத் தலைப்பாகையும் (சிப்பாய்களின் கண்ணுக்கு அது தொப்பி, தொப்பி போட்டவன் கிறிஸ்தவன் என்பது அவர்கள் பீதி) ஹிந்துவையும் முஸல்மானையும் ஒருங்கே புண்படுத்தி, மறுத்தவர்களுக்குக் கசையடியும் கிடைக்கவே, 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. மைசூர் திப்பு சுல்தானின் புதல்வர்கள் அங்கே காவலில் இருந்ததையும் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சமே. ஆற்காட்டிலிருந்து விரைந்த ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே கலகத்தை ரத்தத்தில் அடக்கிற்று. ஆனாலும் உத்தரவுகள் ரத்தாயின. கிராடக்கும் கவர்னர் பெண்டிங்க் பிரபுவும் சீமைக்குத் திருப்பியழைக்கப்பட்டார்கள்.