டைம்அவுட் வைத்தால் போதுமா?

சர்வர் செத்தால் ஸ்கிரிப்டுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பி, டைம்அவுட்டே வைக்காமல் சாக்கெட்டிலிருந்து வாசிப்பவர்கள் இன்னும் நிறைய. எதிர்முனை இணைப்பை மூடினாலோ முறித்தாலோ தெரியும், சரி. மின்சாரம் போய் அது அணைந்தால், அல்லது நடுவிலிருக்கும் ரௌட்டர் இணைப்பை மறந்துவிட்டால், செய்தி சொல்ல ஆளில்லை. பைத்தான் சாக்கெட்டுக்கு இயல்பாக டைம்அவுட் கிடையாது. ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்திலும் நாமாகக் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்காவிட்டால், நீங்கள் கொல்லும்வரை ஸ்கிரிப்ட் காத்துக் கிடக்கும்.

எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று அவ்வப்போது விசாரிக்கும் கீப்அலைவ் காப்பாற்றும் என்பார்கள். அதை நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினாலும், லினக்ஸின் இயல்பு அமைப்பில் இணைப்பு 7,200 விநாடி அமைதியாக இருந்த பிறகே முதல் விசாரிப்பு போகும். அப்புறம் 75 விநாடி இடைவெளியில் மொத்தம் 9 விசாரிப்புகள். கைவிட 2 மணி 11 நிமிடம் ஆகிவிடும்.

இவற்றைவிடப் பிடிவாதமான நம்பிக்கை ஒன்று உண்டு: '5 விநாடி டைம்அவுட் வைத்திருக்கிறேன், எப்படியும் 5 விநாடியில் முடிந்துவிடும்.' முடியாது. அந்த 5 விநாடி ஒவ்வொரு வாசிப்பு அழைப்புக்கும் தனித்தனி. ஒரு பைட் வந்தாலும் அந்த அழைப்பு வெற்றி. அடுத்த அழைப்புக்குக் கணக்கு பூஜ்யத்திலிருந்து. சொட்டுகிற குழாய் மாதிரி, சர்வர் 4 விநாடிக்கு ஒரு பைட்டாக அனுப்பினால் 1,000 பைட் பதிலுக்கு 4,000 விநாடி, ஒரு மணி நேரத்துக்கும் மேல். டைம்அவுட் ஒருமுறைகூட அடிக்காது. அது அளப்பது அமைதியை, மொத்த நேரத்தை அல்ல. ரிக்வெஸ்ட்ஸ் ஆவணமும் இதை வெளிப்படையாகவே சொல்கிறது, யார் படிக்கிறார்கள்? குழப்பத்துக்குப் பைத்தானும் ஒரு காரணம். 3.5 பதிப்பிலிருந்து, எல்லாவற்றையும் அனுப்பும் சென்ட்ஆல் அழைப்புக்கு மட்டும் அதே எண் மொத்த நேர வரம்பு.

மொத்த வரம்பு வேண்டுமென்றால் கெடுவை நாமே குறிக்க வேண்டும். ஒவ்வொரு வாசிப்புக்கும் முன் மிச்ச நேரத்தைக் கணக்கிட்டு, அதையே டைம்அவுட்டாக வைக்கலாம். மிச்சம் தீர்ந்துவிட்டால் வாசிக்காமல் வெளியேறிவிட வேண்டும். கணக்குக்குப் பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரம்தான் சரி. சாதாரணக் கடிகாரத்தை யாராவது திருத்திவைத்தால் கெடு குளறுபடியாகும்.

காலியான பதிலையும் டைம்அவுட்டையும் ஒன்றாக எண்ணுவதும் தப்பு. பைத்தானில் காலி பைட்டுகள் வந்தால் எதிர்முனை மூடிவிட்டது என்று பொருள். டைம்அவுட் ஆனாலோ பிழை எழும்.

பிழை எழுந்ததும் அதே சாக்கெட்டில் மறுபடி கேட்கலாமா? கேட்டால், முதல் கேள்விக்குத் தாமதமாக வரும் பதிலை இரண்டாவதன் பதிலாக எடுத்துக்கொள்ள நேரும். மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பதே நல்லது. அதற்காக, முதல் கோரிக்கை நிறைவேறவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பதில்தான் வரவில்லை, அது பணம் செலுத்தும் கோரிக்கை என்றால் பணம் ஏற்கெனவே போயிருக்கலாம். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, மறுமுயற்சியிலும் அதே எண்ணை அனுப்புங்கள். அந்த எண்ணைச் சரிபார்க்கும் சர்வராக இருந்தால் இரண்டாம் முறை பணம் எடுக்காது.