ஒரு கட்டத்திற்குள் ஒரு சிரிப்பு

நாளேட்டைப் பிரித்தவுடன் நம் கண்கள் தேடுவது, சிறு கட்டத்திற்குள் அமைந்த கேலிச்சித்திரத்தையன்றோ? அதைக் கண்டு சிரிக்க அரை நிமிடம் போதும். அதை உருவாக்கவோ ஓவியர் பல மணி நேரம் சிந்திக்க நேரும். அச்சிந்தனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை, இந்தியாவின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக் கலைஞர் ஆர். கே. லட்சுமணனின் வாழ்வைக் கொண்டு அறிவோம்.

லட்சுமணன் 1921-ஆம் ஆண்டு மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் தலைமையாசிரியர், எழுத்தாளர் ஆர். கே. நாராயண் அண்ணன். சிறுவனாக இருந்தபோது வீட்டுத் தரையிலும் சுவரிலும் கதவிலும் படம் வரைந்தார். வகுப்பில் அவர் வரைந்த அரச இலையை ஆசிரியர் பாராட்டினார். அப்பாராட்டு, தாமும் ஓர் ஓவியரே என்னும் எண்ணத்தை அவர் உள்ளத்தில் விதைத்தது. பின்னாளில் பம்பாய் ஜே. ஜே. ஓவியப் பள்ளி அவருக்கு இடமளிக்க மறுத்தது. எனினும் அவர் தளரவில்லை.

1947-இல் 'டைம்ஸ் ஆப் இந்தியா' நாளேட்டில் சேர்ந்த அவர், 1951-இல் 'யூ செட் இட்' என்னும் ஒற்றைக்கட்டச் சித்திரத் தொடரைத் தொடங்கி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்தார்.

அவருடைய கலையின் முதற்படி கூர்ந்து நோக்குதல். வீட்டுச் சன்னலின் வழியே காய்ந்த சுள்ளியையும், விறகு பிளக்கும் வேலையாளையும், கூரைமேல் அமர்ந்த காகங்களையும் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியவர் அவர்.

இரண்டாம் படி முரண்பாட்டைக் கண்டறிதல். சொல் ஒன்று, செயல் வேறொன்று என்றிருக்கும் இடத்தில்தான் நகைச்சுவை பிறக்கிறது. செய்திகளைப் படித்து அவ்விடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினமான பணி.

மூன்றாம் படி வேண்டாதவற்றை நீக்குதல். தொடக்கத்தில் லட்சுமணன் பல மாநில மக்களையும் தம் படங்களில் நிறுத்தினார். நாள்தோறும் குறித்த நேரத்தில் முடிக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொருவராகக் குறைந்து, இறுதியில் ஒருவரே நின்றார். வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி, வேட்டி, கட்டம்போட்ட கோட்டு கொண்ட அம்முதியவரே 'சாமானிய மனிதர்'. அவர் வாய் திறப்பதே இல்லை. நடப்பவற்றைத் திகைத்துப் பார்த்து நிற்பார். அம்மௌனத்தில் மக்கள் தங்களையே கண்டனர். 1988-இல் இந்திய அஞ்சல் தலையிலும் அவர் உருவம் இடம்பெற்றது.

இம்மூன்று படிகளையும் நாமே செய்து பார்ப்போம். ஒரு தோட்டத்தில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை எனக் கொள்வோம். பொதுக்குழாயின்மேல் "தண்ணீரை வீணாக்காதீர்" என்னும் அறிவிப்புப் பலகை தொங்குகிறது. முரண்பாடு கிடைத்துவிட்டது! இனி லயன் வீடுகள், இரப்பர் மரங்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டம் அனைத்தையும் நீக்குவோம். குழாய், பலகை, காலி வாளியுடன் ஒரு பாட்டி, பார்வையிட வந்த அதிகாரி ஆகியவை போதும். பாட்டி பணிவோடு கூறுகிறார்: "ஒரு சொட்டுக்கூட வீணாக்கவில்லை, ஐயா!"

இப்படத்தில் நாம் பாட்டியைப் பார்த்துச் சிரிப்பதில்லை; பலகையைப் பார்த்தே சிரிக்கிறோம். ஊனமுற்றோரையும் ஏழையையும் உடன் பயிலும் மாணவனின் நிறத்தையும் எள்ளி வரைவது நகைச்சுவையன்று. அது புண்படுத்தும் செயல். எளியவர் பக்கம் நின்று, தவற்றைச் சுட்டிக்காட்டுவதே நற்கேலி. 2015-இல் மறைந்த லட்சுமணன் விட்டுச் சென்ற பாடம் இதுவே.

பெற்றோர்களே! பாட ஏட்டின் ஓரத்தில் உங்கள் பிள்ளை படம் வரைந்திருந்தால், உடனே பிரம்பை எடுக்காதீர்கள். படம் வரையத் தனித்தாள் ஒன்றைக் கொடுங்கள், "இதில் என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். மாணவர்களே! நாளைக் காலை பள்ளிக்கு வரும் வழியில் கண்களைத் திறந்து வாருங்கள். உங்கள் முதற்படம் அங்கே காத்திருக்கிறது.