முயலின் வயிற்றுக் கோளாறுகள்: அறிதலும் காத்தலும்

ஆடு, மாடு, கோழி ஆகியவற்றை வளர்ப்பதில் தோட்டத்து மக்களாகிய நமக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. முயல் வளர்ப்போ நம்மில் பலருக்குப் புதியது. இரவுச் சந்தைக்குச் சென்ற பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்க, ஒரு குட்டியை வாங்கி வருகிறோம். வீட்டின் பின்புறம் ஒரு கூண்டு அமைத்து, அன்போடு ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம். சில வாரங்கள் கழித்து ஒரு நாள் காலையில் அது தீனியைத் தொடாமல் மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது. “மாலைக்குள் சரியாகிவிடும்” என்று எண்ணிப் பால்வெட்டச் செல்கிறோம். வேலை முடிந்து திரும்பும்போது பிள்ளைகள் அழுதுகொண்டு வாசலில் நிற்கின்றனர்.

இத்தகைய இழப்புகளுள் பலவற்றைத் தவிர்க்க முடியும். அதற்கு முயலின் வயிறு எவ்வாறு இயங்குகிறது என்பதை நாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

முயலின் வயிறு இயங்கும் முறை

வீட்டு முயலின் முன்னோர்கள் ஐரோப்பாவில் ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளை உள்ளடக்கிய நிலப்பகுதியில் வாழ்ந்தவை. வறண்ட நிலத்தின் நாரடர்ந்த புல்லே அவற்றின் உணவு. ஆகவே முயலின் பல்லும் குடலும் புல்லுக்கென்றே அமைந்துள்ளன. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நாள்தோறும் புல்லை அரைத்துத் தின்றால்தான் அவை அளவோடு தேயும்.

தின்ற உணவு இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்த பிறகு இரண்டாகப் பிரிகிறது. பருமனான நார் விரைவாக வெளியேறி, உருண்டையான உலர்ந்த புழுக்கையாகிறது. நுண்ணிய பகுதி பெருங்குடல்வாய் என்னும் பெரிய பைக்குள் திருப்பி அனுப்பப்படுகிறது. அங்கே எண்ணற்ற நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து, புரதமும் உயிர்ச்சத்தும் நிறைந்த மென்மையான புழுக்கையாக மாற்றுகின்றன. இப்புழுக்கை சிறு திராட்சைக் கொத்துப் போல ஒன்றோடொன்று ஒட்டிப் பளபளப்பாக இருக்கும். முயல் பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ குனிந்து இதனை நேரே வாயில் எடுத்து விழுங்கிவிடும். இதனைக் கண்டு அருவருக்கவோ தடுக்கவோ வேண்டியதில்லை. முயலுக்கு இது இன்றியமையாத உணவாகும்.

குடலை ஓயாமல் அசையச் செய்வது நார்ச்சத்தே. நார் குறைந்தால் குடலின் ஓட்டம் தளர்கிறது. மங்கில் தங்கிவிட்ட பால், கிருமிகளின் செயலால் தானே உறைந்து நாற்றமெடுப்பதை நாம் அறிவோம். தேங்கிய குடலிலும் இதுபோன்ற கேடு நிகழ்கிறது. தீய கிருமிகள் பெருகி வாயு நிறைகிறது; உணவு நீர் வற்றிக் கெட்டியாகிறது; வலியினால் முயல் தின்ன மறுக்கிறது; தின்னாததால் குடல் மேலும் தளர்கிறது. முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. ஆதலால் உள்ளே சென்ற கேடு அந்த வழியாக வெளியேறுவதில்லை.

இயல்பு நிலை எது?

நோயை அறிய விரும்புவோர் முதலில் நலத்தை அறிதல் வேண்டும். நலமாக உள்ள முயல் ஒரு நாளில் ஏறத்தாழ 100 முதல் 300 வரை உருண்டைப் புழுக்கைகளை இடும். அவை ஏறக்குறைய ஒரே அளவினவாகவும், உலர்ந்தனவாகவும், பிட்டுப் பார்த்தால் உள்ளே புல்நார் தெரிவனவாகவும் இருக்கும். முயலின் உடல் வெப்பம் 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம்.

முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. எனவே தன் நோவை வெளிக்காட்டாமல் மறைப்பது அதன் இயற்கை. ஆடு கத்தும், நாய் முனகும், முயலோ வாய் திறவாது. ஆகையால் அதன் சார்பில் நமக்குச் செய்தி சொல்வது கூண்டின் அடித்தட்டே. பிரட்டுக்குப் புறப்படுமுன் ஒருமுறையும், மாலையில் ஒருமுறையும் புழுக்கையையும் மிச்சமிருக்கும் தீனியையும் பார்த்துவிட வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும். பள்ளிப் பிள்ளைகளிடமே இப்பொறுப்பை ஒப்படைக்கலாம்.

நான்கு வகைக் கோளாறுகள்

1. குடல் தேக்கம். புழுக்கை சிறுத்தும், எண்ணிக்கை குறைந்தும், சில வேளைகளில் முடியால் கோத்த மணிமாலை போலவும் காணப்படும். பின்னர் அறவே நின்றுவிடும். முயல் குறுகி உட்காரும்; பற்களை நறநறவெனக் கடிக்கும்; பிடித்த இலையையும் முகர்ந்துவிட்டு விலகும். நார் குறைந்த தீனி, தண்ணீர்க் குறைவு, வெப்பம், அச்சம், பல்நோவு ஆகியன இதற்குக் காரணங்கள். விழுங்கிய முடி உருண்டையே குடலை அடைக்கிறது என்று முன்பு கருதினர். பெரும்பாலும் குடல் முதலில் தளர்வதும், அதன் விளைவாகவே முடி உலர்ந்து திரள்வதும் பின்னர்த் தெளிவாயிற்று.

2. வயிற்று உப்புசம். நலமாக இருந்த முயல் சில மணி நேரத்திற்குள் துவண்டு விழும். வயிறு மத்தளம் போல இறுகியிருக்கும். காதுகள் குளிர்ந்துவிடும். குடலில் அடைப்பு ஏற்பட்டிருக்கக்கூடிய இந்நிலை மிகக் கொடியது. உடனடியாக மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

3. மென்புழுக்கை மிஞ்சுதல். உருண்டைப் புழுக்கை இயல்பாக இருக்கும். அதனுடன் பிசுபிசுப்பான மென்புழுக்கை கூண்டிலும் முயலின் பின்புறத்திலும் ஒட்டியிருக்கும். இதனைப் பலர் வயிற்றுப்போக்கு எனத் தவறாக எண்ணுகின்றனர். மாவும் இனிப்பும் மிகுந்த தீனி இதற்கு முக்கியக் காரணமாகும். உடல் பருமனாலோ மூட்டு நோவாலோ குனிய முடியாத முயலிடமும் இதனைக் காணலாம். உடனே உயிருக்கு ஆபத்து இல்லையெனினும், அழுக்கான பின்புறத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளைக்குள்ளேயே புழு வைத்துவிடும். நம் வெப்ப நாட்டில் இதனை அலட்சியம் செய்யலாகாது.

4. உண்மையான வயிற்றுப்போக்கு. உருண்டைப் புழுக்கை ஒன்றுமின்றி நீராகவே போகும். குட்டிகளுக்கு, குறிப்பாகத் தாய்ப்பால் மறக்கும் பருவத்தில், இது மிகுதியாக வரும். காக்சிடியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணியும் காரணமாகலாம்; ஈரமும் வெப்பமும் நிறைந்த அழுக்குக் கூண்டில் இது எளிதில் பரவும். நீர் வற்றிய குட்டி ஒரே நாளில் இறந்துவிடலாம். எனவேதான் 6 வாரத்திற்குக் குறைந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்குதல் கூடாது.

நோய் கண்டவுடன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, காலத்தைக் கணக்கிட வேண்டும். 12 மணி நேரம் தீனி தின்னாமலோ புழுக்கை இடாமலோ உள்ள முயலை உயிருக்குப் போராடும் நோயாளியாகவே கருத வேண்டும். நாளைவரை காத்திருத்தல் தகாது.

இரண்டாவதாக, வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். அழுத்தலாகாது. வயிறு இறுகி உப்பியிருந்தால் வாய்வழி எதனையும் புகட்டாமல் மருத்துவரை நாட வேண்டும்.

மூன்றாவதாக, காது குளிர்ந்திருந்தால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். மாறாக, வெயிலில் வாடி மூச்சு வாங்கினால் நிழலுக்கு மாற்றி, காதுகளைக் குளிர்ந்த நீரால் நனைக்கலாம். பனிக்கட்டி நீரில் முக்குதல் கூடாது.

நான்காவதாக, புதிய புல்லும் தூய நீரும் அருகிலேயே இருக்கட்டும். வயிறு மென்மையாக இருந்து, முயல் விழுங்கும் நிலையிலும் இருந்தால், மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டறிந்து, முயல் தீனியை வெதுவெதுப்பான நீரில் கஞ்சி போலக் கரைத்து, ஊசியில்லாப் பீச்சுக்குழலால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாகப் புகட்டலாம். மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் உணவு மூச்சுக்குழலில் சென்றுவிடும்.

ஐந்தாவதாக, வீட்டில் மிஞ்சிய மனித மருந்து எதனையும் கொடுத்தல் கூடாது. பிள்ளைகளின் காய்ச்சலுக்கு வாங்கிய அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, நஞ்சு பரப்பும் கிருமிகள் பெருகும். நோயினால் சாகாத முயல் மருந்தினால் சாகும்.

கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்கு ஜொகூரின் மாவட்டங்களில் அலுவலகங்கள் உள்ளன. எல்லா மருத்துவர்களும் முயலுக்குச் சிகிச்சை அளிப்பதில்லை. ஆகவே முயல் நலமாக உள்ளபோதே, அதனைப் பார்க்கும் மருத்துவர் அருகில் எங்குள்ளார் என விசாரித்து, தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைத்தல் அறிவுடைமை. மருத்துவரிடம் செல்லும்போது கடைசியாக இட்ட புழுக்கையையும் ஒரு தாளில் மடித்துக் கொண்டு செல்ல வேண்டும்.

வருமுன் காத்தல்

முயலின் உணவில் பத்தில் எட்டுப் பங்குக்குக் குறையாமல் புல்லாக இருக்க வேண்டும். நேப்பியர் புல்லும் கினிப் புல்லும் ஜொகூரில் நன்கு வளர்பவை. கடைத்தீனி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் போதுமானது. காரட், வாழைப்பழம் ஆகியவற்றை விரல் நுனியளவு எப்போதாவது தரலாம். சோறு, ரொட்டி, பிஸ்கட் ஆகியன வேண்டவே வேண்டா. புதிய தீனிக்குச் சட்டென மாறாமல் ஒரு வாரம் முதல் 10 நாட்கள் வரை சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். 2 கிலோ எடையுள்ள முயலுக்கு நாள்தோறும் சுமார் 200 மில்லிலிட்டர் தண்ணீர் தேவைப்படும். வெயிற்காலத்தில் இன்னும் மிகுதியாகும்.

தோட்டத்தில் வாழும் நமக்குத் தனியாகச் சில எச்சரிக்கைகளும் உண்டு. களைக்கொல்லி தெளித்த நிரைகளிலிருந்து புல் அறுத்தல் கூடாது. பாராகுவாட் என்னும் கொடிய நச்சு மருந்து 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருப்பினும், வேறு களைக்கொல்லிகள் பயன்பாட்டில் உள்ளன. எந்த நிரையில் எப்போது மருந்து அடித்தனர் என்பதைக் கேட்டறிந்த பின்னரே அரிவாளை எடுக்க வேண்டும். இரப்பர் விதையிலும் பச்சை மரவள்ளி இலையிலும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் உள்ளது. அவற்றை முயலுக்குக் கொடுத்தலாகாது. ஆண்டிறுதி மழைக்காலத்தில் ஈரப்புல்லைக் குவித்து வைத்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அன்றாடம் அறுத்து, பரப்பி உலர்த்திக் கொடுப்பதே நன்று.

தமிழ்நாட்டில் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று உள்ளது. அங்கே முயல்களையும் வளர்த்து ஆராய்கின்றனர். அது குளிர்ந்த மலைப்பகுதி. நம் குளுவாங்கிலோ சிகாமட்டிலோ அத்தகைய குளிர்ச்சி இல்லை. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் முயல் தின்னாமல் தளர்வதற்கு வெப்பமே போதும். எனவே கூண்டு மர நிழலில், காற்றோட்டமாக, தரையிலிருந்து உயர்ந்து அமைதல் வேண்டும்.

வளர்ப்புப் பிராணிக்கு உணவு, நீர், இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை அளிப்பது உரிமையாளரின் கடமை என்பது 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் நோக்கமாகும். சட்டம் சொல்வதற்கு முன்பே நம் நெஞ்சம் சொல்லும் கடமையும் அதுவே. பிள்ளைகள் ஒரு சிற்றுயிரைக் காக்கக் கற்றுக்கொள்வது நம் வீட்டுக் கூண்டின் அருகில்தான். நாளைக் காலையில் வேலைக்குப் புறப்படுமுன் அவர்களை அழைத்துச் சென்று, புழுக்கையையும் புல்லையும் பார்க்கக் கற்றுக்கொடுப்போமாக.