அமரவிளைச் சாவடிக்கு ஒரு மோப்ப நாய்: காப்பகத்திலிருந்து தொடங்கும் வழி

விடிய நாலு மணி. பெங்களூரிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போகும் பேருந்து கேரள எல்லையில் அமரவிளை எக்சைஸ் (கலால்) சாவடியில் நிற்கிறது. கஞ்சா தேடி இரண்டு பேர் ஏறி, டார்ச் அடித்து, தூங்குகிறவர்களின் தலைக்குமேல் இருக்கும் பைகளைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பின்னால் இன்னும் இரண்டு பேருந்து, நாலைந்து லாரி. எல்லாப் பையையும் திறக்க நேரம் கிடையாது. எதைத் திறப்பது என்பதை அனுபவமும் ஊகமும்தான் முடிவு செய்கின்றன. சாவடிக்கு எதிரே சாத்திய கடையின் திண்ணையில் நாலு தெருநாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அந்தப் பைகளில் இருப்பதை அவற்றின் மூக்கு அறியும். அறிந்ததைச் சொல்ல யாரும் அவற்றுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. உத்தராகண்ட் காவல்துறை டெங்கா என்ற தெருநாயைப் பழக்கி 2019-ல் மோப்பப் பணியில் சேர்த்தது. மேற்கு வங்கத்தில் பாரக்பூர் காவல் பயிற்சி மையத்தில், ஆஷா என்ற தெருநாய் ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கும் லாப்ரடார்களுக்கும் நடுவே பயிற்சி பெற்றது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்ஸி நகரக் காவல்துறை 2015-ல் கியா என்ற நாயைக் காப்பகத்திலிருந்து எடுத்துப் போதைப்பொருள் தேட வைத்தது. அது பலரும் அஞ்சும் பிட்புல் இனம். ரோட் ஐலண்ட் மாநிலக் காவல்துறையின் ரூபியைக் கேட்டு வாங்கிப்போன குடும்பங்கள், அடங்காத நாய் என்று சொல்லித் திரும்பத் திரும்பக் காப்பகத்திலேயே விட்டன. 2011-ல் ஒரு காவலர் அதை எடுத்துக்கொண்டார். 2017-ல் காட்டில் மயங்கிக் கிடந்த ஒரு பையனை அது கண்டுபிடித்தது. ரூபியைக் கொன்றுவிடாதீர்கள் என்று காப்பகத்தில் மன்றாடிய பெண்ணின் மகன் அவன்.

கேரளக் காவல்துறைக்கும் நாய் புதிதல்ல. 1959-ல் சென்னையிலிருந்து கொண்டுவந்த மூன்று அல்சேஷன்களோடு அதன் நாய்ப் பிரிவு தொடங்கியது. இன்று திருச்சூர் ராமவர்மபுரம் காவல் அகாதமியில் மாநில நாய்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஆகவே நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது குறைவு. காப்பகத்து நாய் ஒன்று அந்தப் பள்ளியின் வாசலுக்குப் போய்ச் சேரும் வழியைத்தான் போடவேண்டும்.

முதல் முடிவு: ஒரே வேலை

மோப்பம், தடம் பிடித்தல், கடித்துப் பிடித்தல், வெடிகுண்டு என்று ஆசைப்பட்டால் எதுவும் அமையாது. அமரவிளைக்குத் தேவை கஞ்சாவை மணந்து சொல்லும் நாய். அதிலேயே நில்லுங்கள்.

சட்டக் காரணமும் உண்டு. நாய் தடம் பிடித்துப்போய் ஒருவர்முன் நின்றது என்பதற்கு நீதிமன்றத்தில் பெரிய எடை கிடையாது; உச்ச நீதிமன்றம் 1969-லேயே அப்துல் ரசாக் வழக்கில் அதைச் சொல்லிவிட்டது. மோப்ப நாயின் நிலை வேறு. அது பையைக் காட்டும், அதிகாரி திறப்பார், உள்ளே இருக்கும் பொருளே சாட்சியாகும். நாய் தவறினால் இழப்பது சில நிமிடம்.

போதைப்பொருளையும் வெடிபொருளையும் ஒரே நாய்க்குக் கற்றுத்தரக் கூடாது. கண்டுபிடித்ததைக் காட்ட நாய் உட்கார்ந்துவிட்டால், பையைத் திறப்பதா, ஆட்களை விலக்கி ஓடுவதா என்று தெரியாமல் நிற்க நேரும்.

காகிதம்

ஒரு நிலைய அதிகாரி தன் விருப்பத்துக்கு நாயை வாங்கிக் கட்டிப்போட முடியாது. நெய்யாற்றின்கரை டி.வை.எஸ்.பி. வழியாகத் திருவனந்தபுரம் ரூரல் மாவட்டக் காவல் தலைவருக்கும், அங்கிருந்து மாநிலத் தலைமைக்கும் முன்மொழிவு போகவேண்டும். சாவடி எக்சைஸுடையது, நாய் காவல்துறையுடையது என்பதால் இரண்டு துறையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்: நாய் உட்கார்ந்தபின் பையைத் திறப்பது யார், மகஸர் எழுதுவது யார், வழக்கு யாருடையது. இதை எழுதாமல் விட்டால் முதல் பிடிப்பிலேயே மனத்தாங்கல் வரும். ஆளின் உடலைச் சோதிப்பது போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவுக்குள் வரும். அதற்குத் தனி நடைமுறை உண்டு. எனவே நாயின் வேலை பை, பெட்டி, வண்டி என்று கட்டளையிலேயே வரையறுத்துவிடுங்கள்.

காப்பகத்தோடு ஒப்பந்தம் தனி. நாயின் ஒப்படைப்புச் சீட்டு, கருத்தடை, தடுப்பூசிச் சான்று, எங்கே பிடிக்கப்பட்டது என்ற விவரம், யாரையாவது கடித்த வரலாறு உண்டா என்பது, எல்லாம் எழுத்தில் வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் தெருநாய்களைக் காப்பகத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறது. காப்பகங்களில் நெரிசல் கூடும். அந்தக் கூட்டத்துக்குள் நல்ல நாய்களும் இருக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுத்தபின் நாய்

ஒரு நாய்க்கு இரண்டு ஹேண்ட்லர் (நாயை நடத்தும் காவலர்). ஒருவர் விடுப்பில் போனாலும் நாய் பட்டினி கிடக்கவோ மறக்கவோ கூடாது. பதவி உயர்வுக்காகவோ பணிச்சுமையிலிருந்து தப்பவோ வருபவர்களை எடுக்காதீர்கள். மழையில் நனைந்து நாயின் கூண்டைக் கழுவுகிறவரா என்று பாருங்கள்.

நம் எல்லைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இங்கே வீட்டில் தமிழ் பேசும் காவலரும் இருப்பார், மலையாளம் பேசுபவரும் இருப்பார். ஒருவர் ‘இரு’ என்பார், இன்னொருவர் ‘இரி’ என்பார். நமக்கு இரண்டும் ஒன்று, நாய்க்கு இரண்டு. எந்த மொழியானாலும் சரி, ஒரே சொல்லை, ஒரே கையசைவோடு, இருவரும் சொல்லவேண்டும். ஆறேழு சொல் போதும். சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நாய் வருவதற்குமுன் ஹேண்ட்லர்களும் காப்பக ஊழியர்களும் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டிருக்க வேண்டும்: முதல் நாள், 7-ம் நாள், 21 அல்லது 28-ம் நாள். கடிபட்டால் அதன் பிறகும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும்.

தேர்வு

இதில்தான் அவசரப்படக் கூடாது. மூக்கு எல்லா நாய்க்கும் உண்டு. கிடைக்கும்வரை தேடிக்கொண்டே இருக்கும் வெறி சில நாய்க்குத்தான் உண்டு. நாம் தேடுவது அந்த வெறியை. பாசமான நாய், அழகான நாய், பரிதாபமான நாய் எல்லாம் மனதை இழுக்கும். அவற்றுக்கு நல்ல வீடு வேண்டும், சாவடி வேண்டாம். ரூபியைப் போல வீட்டுக்காரர்களைச் சோர வைத்த நாயைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வயது ஒன்றிலிருந்து மூன்று. பந்து ஒன்றைக் காட்டி, ஆசையைக் கிளப்பி, இடுப்பளவு புல்லுக்குள் எறியுங்கள். நாய் ஓடிப்போய் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தால் அது போதாது. மூக்கைத் தரையில் வைத்து, மூன்று நாலு நிமிடம் விடாமல் தேடினால் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து பந்தை டயர் அடுக்குக்குள் மறைத்துப் பாருங்கள்.

நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்குப் பந்து என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். அமெரிக்க வேளாண் துறையின் பீகிள் நாய்கள் விமான நிலையங்களில் தின்பண்டத்துக்காகத்தான் வேலை செய்கின்றன. அவற்றிலும் காப்பகங்களிலிருந்து வந்தவை ஏராளம். வேகவைத்த கோழி ஈரல் துண்டைப் புல்லில் எறிந்து அதே சோதனையைச் செய்யுங்கள். தெருவில் வளர்ந்த நாய்க்கு உணவைத் தேடும் பொறுமை கூடவே பிறந்தது.

பிறகு நெஞ்சுறுதி. எவர்சில்வர் தட்டைப் பின்னால் கீழே போடுங்கள்: திடுக்கிட்டாலும் திரும்பி வந்து மணந்து பார்க்கும் நாய் நல்லது, மூலையில் ஒடுங்குவது வேண்டாம். வழவழப்பான தரை, இருட்டறை, இரும்புப் படி, ஓடும் எஞ்சினோடு நிற்கும் பேருந்தின் வாசல், குடை விரிக்கும் ஆள், இவற்றின் வழியாக நடத்துங்கள். பயத்தில் கடிக்கும் நாயை எவ்வளவு மூக்கிருந்தாலும் பயணிகள் நடுவே கொண்டுபோகக் கூடாது. ஒரு நாள் சோதனையை நம்பாதீர்கள். கூண்டைவிட்டு வந்த முதல் நாளில் எந்த நாயும் தானாக இருக்காது. ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பத்துப் பதினைந்து நாயைப் பார்த்தும் ஒன்றுகூடத் தேறாமல் போகலாம். அப்போது வெறுங்கையோடு திரும்பி வாருங்கள்.

தேறியதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துக் கவனியுங்கள். இடுப்பெலும்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, எலிக்காய்ச்சல் உட்பட எல்லாத் தடுப்பூசி. நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம். வெளியே தெரியாமல் ரத்தத்தில் இருந்துகொண்டு நாயைச் சோர வைக்கும். இன்னொன்றை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்: வயிற்றுப்போக்குக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் சில நாய்களின் மோப்பத் திறனைக் குறைக்கிறது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. அந்த மருந்து ஓடும் நாட்களில் நாயை வேலைக்கு விடாதீர்கள்.

கூண்டைச் சாவடி ஓரத்தில் கட்டவேண்டாம். இரவெல்லாம் ஹாரனும் டீசல் புகையும் சேர்ந்தால் நாய் தூங்காது. நிழல், ஓட்டுக்கூரை, உயர்ந்த தளம் இருந்தால் போதும். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டையும் தாங்கவேண்டிய ஊர் இது. தண்ணீர் வடியும் சரிவை முதலில் பாருங்கள்.

மணத்தைக் கற்றுக்கொடுத்தல்

முதல் இரண்டு மூன்று வாரம் பயிற்சியே இல்லை. நடை, சாப்பாடு, குளியல், விளையாட்டு. நாய் ஹேண்ட்லரை நம்பட்டும். முறையான பயிற்சி திருச்சூரில் மாதக்கணக்கில் நடக்கும். அங்கே நடப்பதன் சாரத்தை ஊரில் இருப்பவர்களும் தெரிந்துகொண்டால்தான் திரும்பி வந்த நாயைக் கெடுக்காமல் இருப்பார்கள்.

ஒரே மாதிரி ஐந்தாறு பெட்டி. ஒன்றில் மட்டும் கஞ்சா மணம். நாய் மணந்து அங்கே தயங்கும் கணத்திலேயே பரிசு. பிறகு பரிசுக்குமுன் உட்காரவேண்டும் என்று சேர்க்கிறோம். நாய் உட்காருவதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். பிராண்டினால் பயணியின் பை கிழியும், புகார் வரும்.

பயிற்சிக்கான கஞ்சா எழுத்து உத்தரவின்மேல், எடை போட்டு, பதிவேட்டில் ஏற்றி, பூட்டிவைக்கப்பட வேண்டும். கிராம் கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாக வரவேண்டும். அதைவிட நுட்பமான ஆபத்து இன்னொன்று: பிடிபட்ட பொட்டலங்கள் பழுப்பு டேப் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து வருகின்றன. அப்படியே பயன்படுத்தினால் நாய் டேப்பையும் அரக்கையும் படித்துக்கொள்ளும். கூரியர் பெட்டி ஒவ்வொன்றின் முன்னும் உட்காரும். பொருளைக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றுங்கள், கையுறையை மாற்றிக்கொண்டே இருங்கள். வெறும் டேப், வெறும் கையுறை, வெறும் புட்டி இருக்கும் பெட்டிகளையும் வரிசையில் வையுங்கள். அவற்றுக்குப் பரிசு இல்லை. அடுத்து நம் பேருந்துகளில் உண்மையில் ஏறுபவை: கருவாடு, ரப்பர் ஷீட், காப்பித்தூள், பழுத்த நேந்திரங்குலை, மல்லிகைப் பூ மூட்டை. கருவாட்டுக் கூடையைத் தாண்டிப்போய்ப் பக்கத்துப் பையில் உட்காரும் நாய்தான் அமரவிளைக்குத் தயாரான நாய்.

பயிற்சியில் என் பிடிவாதம் ஒன்று: ஒளித்து வைத்த இடம் ஹேண்ட்லருக்குத் தெரியவே கூடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து 2011-ல் வெளியான ஆய்வில், நாயும் ஹேண்ட்லருமாக 18 ஜோடிகளைத் தேட விட்டார்கள். அறைகளில் எந்தப் போதைப்பொருளும் இல்லை. சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் இருப்பதாக ஹேண்ட்லர்களிடம் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலான தேடல்களில் ‘கிடைத்தது’ என்ற பதில் வந்தது, அதிலும் சிவப்புத் தாள் பக்கமே கூடுதல். மனிதனின் நடை தயங்கினால், கயிறு ஒரு நொடி தளர்ந்தால், நாய் அதைப் படித்துவிடும். அதனால் ஒளித்துவைப்பது எப்போதும் வேறொருவராக இருக்கட்டும்; வாரம் ஒரு முறையாவது அவரும் அறையைவிட்டுப் போகவேண்டும். ஒன்றுமே இல்லாத அறையும் இடையிடையே வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் நாய் ஹேண்ட்லரின் சந்தேகத்தைத்தான் காட்டும். ஏழை இளைஞன் ஒருவனின் பை காரணமின்றித் திறக்கப்படும்.

சாவடியில்

இரவு பத்திலிருந்து காலை எட்டு வரை நாயின் நேரம். நடுப்பகல் தார்ச்சாலை அதற்குரிய இடமல்ல. புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள். மூச்சிரைக்கும் நாய் வாயால் சுவாசிக்கிறது, மோப்பம் குறைந்துவிடும். இருபது, முப்பது நிமிடம் வேலை, பிறகு நிழலும் தண்ணீரும்.

வண்டியைக் காற்று வீசிவரும் பக்கத்துக்கு எதிரே நின்று தொடங்குங்கள், மணம் நாயைத் தேடி வரட்டும். முதலில் வெளியே உள்ள சரக்கறை, பிறகு உள்ளே. நாய்க்குப் பயப்படும் பயணிகள் இருப்பார்கள். ஒரு நிமிடம் முன்பே ஏறிச் சொல்லி, குழந்தைகளையும் முதியவர்களையும் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நாயை ஏற்றுங்கள். நாய் உட்கார்ந்தது என்று சத்தம் போடவேண்டாம். ஹேண்ட்லர் கையை உயர்த்தினால் போதும்.

பத்து நாள் ஒன்றும் கிடைக்காமல் போனால் நாய் சலித்துவிடும். ஆகவே பயிற்சிக் கஞ்சா வைத்த ஒரு சாக்கை ஏற்கெனவே பேசிவைத்த வண்டியில் ஒளித்து, அது கண்டுபிடித்து, பரிசு வாங்கி, வாலை ஆட்டிக்கொண்டே வேலையை முடிக்கும்படி செய்யுங்கள். பதிவேட்டில் பிடித்ததை மட்டும் எழுதினால் பயனில்லை. உட்கார்ந்தும் ஒன்றும் இல்லாதது, உட்காராமல் போய்ப் பின்னர் பிடிபட்டது, அன்றைய வெயில், மழை, எந்த ஹேண்ட்லர், எல்லாம் எழுதுங்கள். மூன்று மாதக் கணக்கைப் பார்த்தால் பிசகு நாயிடமா, ஆளிடமா என்று புரியும்.

தேறாத நாய்க்கும் வயதான நாய்க்கும்

இதை முதல் நாளே எழுதி, கோப்பின் மேல்தாளாக வைக்கவேண்டும். பயிற்சியில் பாதியில் நிற்கும் நாயை மறுபடி காப்பகத்துக் கூண்டில் விடக்கூடாது. தத்தெடுக்க ஒரு குடும்பத்தை முன்பே பேசி வையுங்கள். பழக்கிய நாயை வாங்க ஆள் கிடைக்கும். பணி முடிந்த காவல் நாய்களுக்காகத் திருச்சூர் அகாதமியில் 2019 முதல் ‘விஸ்ராந்தி’ இல்லம் நடக்கிறது. அதற்கும் முன்பாக, கூடவே வாழ்ந்த ஹேண்ட்லருக்குத்தான் முதல் உரிமை இருக்கவேண்டும்.

2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் போனார்கள், தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். அங்கே குவி என்ற நாட்டு நாய், எந்தப் பயிற்சியும் இல்லாமல், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடலைக் காட்டிக்கொடுத்தது. இடுக்கி நாய்ப் பிரிவின் பயிற்சியாளர் அதைத் தன்னோடு அழைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டார். மறு ஆண்டு, அந்தக் குழந்தையின், உயிர் தப்பிய பாட்டி கேட்டபோது, குவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.